வைரவர் வாகனத்துக்கு ஒரு வாகனம்

வன்னியில் எந்தக் கிராமத்தினுட் புகுந்தாலும் ஒரு பாலைமரத்தடியிலோ ஆலமரத்தடியிலோ சூலம் ஒன்றை நாட்டி, வைரவர் என்று வணங்கி வருவதைக் காணலாம். கோபுரம் இல்லை, மண்டபம் இல்லை. காடும் வயலும் சந்திக்கும் எல்லையிற் காவற் கடவுளாக அவர் நிற்கிறார். அவருடைய வாகனம் நாய். மயிலையும் எருதையும் கருடனையும் போற்றிப் பாடிய நம் புலவர்கள் இந்த வாகனத்தின்மீது அத்துணை அன்பு காட்டினாரல்லர். அஃது எவ்வாறாயினும் ஆகுக. கடவுளைச் சுமக்கும் இந்த நாயை மனிதர் சுமக்க நேரும்போது எவ்வாறு சுமக்கின்றனர் என்பதே இன்று நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள். வெயிற்காலத்தில், வாகனத்தின் பின்பெட்டியில், நாயை எப்படி வெப்பந் தாக்காமற் கொண்டு செல்வது?

பொருள் சிறிது என்று முகஞ் சுளிப்பவர்கள் மகாபாரதத்தின் இறுதிப் பகுதியை நினைத்துப் பார்க்கலாம். தம்பியரும் திரௌபதியும் வழியில் வீழ்ந்தபின், தருமன் தன்னைத் தொடர்ந்து வந்த நாயொன்றுடன் மலையேறி நிற்கிறான். இந்திரன் தேரோடு வந்து ஏறு என்கிறான். நாய்க்கு அந்தத் தேரில் இடமில்லை என்று அறிந்ததும், அப்படியானால் எனக்கும் அது வேண்டாம் என்று தருமன் மறுத்து விடுகிறான். சுவர்க்கத்தின் வாசலில் நடந்த அந்த வழக்கு, ஆராய்ந்து பார்த்தால், நாயை வாகனத்தில் ஏற்றுவதா இல்லையா என்ற வழக்கேயாகும். நம் முன்னோர் அதைச் சிறு பொருளாக எண்ணவில்லை. நாலடியாரும் நட்புக்கு உவமை தேடும்போது யானையை ஒதுக்கிவிட்டு நாயையே தெரிந்துகொள்கிறது.

இனிக் கொக்கிளாய்க்கு வருவோம். முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியிலே, திருகோணமலை மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் களப்பின் கரையில் அமைந்த ஊர் அது. களப்பு 1951ஆம் ஆண்டிலே பறவைகள் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, மேற்கே காடு. ஊரவர் பாதி மீனவர், பாதி கமக்காரர். வயலுள்ள இடத்திற் காட்டுப் பன்றி உண்டு. பன்றி உள்ள இடத்தில் நாய் உண்டு. நாய் இல்லாத கமக்காரன் இரவெல்லாம் தானே குரைக்க வேண்டும் என்று அப்பகுதி முதியவர் ஒருவர் என்னிடம் வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

ஊர் நாயின் ஆயுளில் வாகனப் பயணம் அபூர்வம். ஆயினும் அது நேரும்போது பெரும்பாலும் அபாய வேளையிலேயே நேர்கிறது. பன்றி வெட்டிவிட்டது, பாம்பு தீண்டிவிட்டது, பொறியில் கால் அகப்பட்டுவிட்டது என்றால் மிருக வைத்தியரைத் தேடி முல்லைத்தீவு நகருக்குப் போகவேண்டும். கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய், நாயாறு, செம்மலை, அளம்பில் என்று வடக்கே நீளும் பாதை அது. பேருந்தில் நாயை ஏற்றமாட்டார்கள். முச்சக்கர வண்டிக்காரர் இரத்தத்தைக் கண்டால் இருக்கையை நினைத்துத் தயங்குவார். ஆகவே உழவு யந்திரப் பெட்டியோ, லான்ட்மாஸ்ரரோ, இப்போது எங்கும் ஓடும் பட்டா வாகனமோதான் கதி.

நாயாற்றுப் பாலத்தருகே ஒருநாள் நான் பேருந்துக்குக் காத்து நின்றபோது கண்டதைச் சொல்கிறேன். ஆவணி மாதத்து முற்பகல். பத்து மணி இருக்கும். தெற்கிலிருந்து ஒரு பட்டா வந்து நின்றது. பின்பெட்டி முழுவதையும் நீல நிறத் தறப்பாளால் இறுகக் கட்டியிருந்தார்கள். விடியற்புறத்திற் பன்றியைத் துரத்திப்போய் விலாவில் வெட்டு வாங்கிய நாயொன்று அதனுள் இருந்தது. நாய்க்கு வெயில் படக்கூடாதென்ற பரிவினாலேயே அந்த இளைஞன் தறப்பாளைக் கட்டியிருக்கிறான். காயத்துக்குத் துணி சுற்றி, படுக்கச் சாக்கும் விரித்திருந்தான். அன்பிலே ஒரு குறையும் இல்லை. ஆனால் தறப்பாளைத் தூக்கியபோது உள்ளிருந்து வீசிய காற்று, நெல் அவிக்கும் பானையின் மூடியைத் திறந்தாற்போல முகத்தில் அடித்தது. நாய் நிற்க முயன்று சரிந்தது. நாக்கு அகன்று நீண்டு தொங்கிற்று; பல் முரசு செங்கல் நிறமாகச் சிவந்திருந்தது; வாயிலிருந்து தடித்த எச்சில் நூலாக இறங்கிற்று.

இளைஞன் பதறி, இன்னும் வேகமாக ஓட்டினால் வைத்தியரிடம் போய்விடலாம் என்று சாரதியை அவசரப்படுத்தினான். அப்போது வாடியொன்றின் முன்னே வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் எழுந்து வந்தார். பெட்டிக்குள் ஒருமுறை பார்த்தார். "அவசரப்படாதை தம்பி. முதல் ஆத்து, பேந்து ஏத்து" என்றார். அவ்வளவுதான். நாயை இறக்கிப் பூவரச நிழலிற் கிடத்தி, வாளியால் களப்பு நீரை அள்ளி அள்ளி அதன் வயிற்றிலும் கவட்டிலும் கழுத்திலும் ஊற்றினார்கள். காயத்தில் உப்பு நீர் படாதிருக்க ஒருவர் கையால் அணைத்துக்கொண்டார். மற்றொருவர் கிடுகொன்றை எடுத்து விசிறினார். குடிக்க நல்ல தண்ணீர் சிறிது சிறிதாக வைத்தார்கள். கால் மணி நேரத்தின் பின் அந்த இளைப்புத் தணிந்து, நாய் தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்த்தது. தறப்பாளை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, திறந்த பெட்டியிலே நனைந்த நாயோடு அவர்கள் புறப்பட்டுப் போனார்கள். காயம் தைக்கப்பட்டு அது பிழைத்ததென்று பின்னர் அறிந்தேன்.

அந்த முதியவர் நான்கு சொற்களிற் சொன்ன வைத்தியத்தை, மேனாட்டு மிருக வைத்திய அறிஞர்கள் ஆயிரக்கணக்கான சிகிச்சைக் குறிப்புகளைப் புரட்டி அண்மையில் வற்புறுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். பிரித்தானியாவில் 2016 முதல் 2018 வரை வெப்பத் தாக்குதலுக்கு உள்ளாகிச் சிகிச்சைக்கு வந்த நாய்களைப் பற்றிய ஆய்வொன்று 2023இல் வெளியாயிற்று. வைத்தியரிடம் கொண்டுவரும் முன்னர் குளிர்விக்கப்பட்டவை அவற்றுள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவற்றையெல்லாம் உரிமையாளர்கள் சூட்டோடு சூடாக வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். முதலிற் குளிர்வி, அடுத்துக் கொண்டுசெல் என்பதே அவ்வாய்வாளர்களின் அறிவுரை. ஆற்றுதலும் ஏற்றுதலும் என்று எதுகையோடு சொல்ல நாயாற்று மொழிக்குத்தான் இயன்றது.

ஏன் ஆற்ற வேண்டும்? நாயின் உடலமைப்பிலே இதற்கு விடை இருக்கிறது. மனிதனுக்கு உடல் முழுவதும் வியர்க்கும். வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நம் வீட்டு மண்பானையிலே தண்ணீர் குளிர்வதும் இந்த நியதியாலேயே. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைப் பானையின் உடலிலிருந்தே அது பறித்துக்கொள்கிறது. நாய்க்கோ உள்ளங்காலிலன்றி வேறெங்கும் பயன்படத்தக்க வியர்வை இல்லை. மயிரடர்ந்த தோல் அதற்கு உதவாது. ஆகவே அது தன் பானையை வாயிலும் மூக்கிலும் வைத்திருக்கிறது. அமைதியாயிருக்கும்போது நிமிடத்துக்குப் பத்து முதல் முப்பது முறை மூச்சு விடும் நாய், வெப்பம் மிகும்போது முந்நூறு, நானூறு முறை வரை இளைக்கிறது.

இவ்வளவு வேகமாக மூச்சு விடுவதே ஓர் உழைப்பாயிற்றே, உழைத்தால் இன்னும் சூடேறாதா என்று மாணவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1962இல் குரோபோர்ட் என்ற ஆய்வாளர் இதற்கு விடை கண்டார். நாயின் மார்புக் கூட்டுக்கு ஊஞ்சலைப்போல இயல்பான ஓர் அசைவு வேகம் உண்டு. நாய் அந்த வேகத்திலேயே இளைக்கிறது. ஆடுகின்ற ஊஞ்சலுக்கு விரல் நுனியால் ஒரு தட்டுப் போதும் அல்லவா? அதுபோல மிகச் சிறிய செலவில் அந்தப் பெரிய வேலை நடைபெறுகிறது. பின்னர் 1970இல் சிமித்-நீல்சனும் அவருடைய துணைவரும், இளைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கினால் இழுத்து வாயினால் விடுகிறதென்று காட்டினர். ஈரமான மூக்கின் உட்சுவர்களைத் தடவிச் சென்ற காற்று, வெப்பத்தைச் சுமந்துகொண்டு வாய்வழியே வெளியேறுகிறது. மூக்கின் பக்கத்திலுள்ள ஒரு சுரப்பி அதற்கு வேண்டிய நீரின் ஒரு பகுதியைச் சுரந்து கொடுக்கிறதென்பதும் 1972இல் தெரியவந்தது. மனிதனுடைய வியர்வைச் சுரப்பி செய்யும் தொழிலை நாய்க்கு மூக்குச் சுரப்பி செய்கிறது.

இந்தப் பொறி எவ்வளவு நுட்பமானதோ அவ்வளவு எளிதில் தடைப்படக் கூடியதுமாகும். வெளிக்காற்று ஈரத்தால் நிறைந்திருந்தால் நீர் ஆவியாகாது. மூடிய பெட்டிக்குள் நாய் விட்ட மூச்சே அக்காற்றை ஈரத்தால் நிறைத்துவிடுகிறது. இளைக்க இளைக்க ஈரம் ஏறுகிறது. ஈரம் ஏற ஏற இளைப்பின் பயன் குறைகிறது. பயன் குறையக் குறைய மேலும் வேகமாக இளைக்கிறது. முப்பத்தெட்டரை, முப்பத்தொன்பது பாகை செல்சியசில் நிற்கவேண்டிய உடல் வெப்பம் நாற்பத்தொன்றைத் தாண்டியதும் மூளையும் குடலும் சிறுநீரகமும் ஒருங்கே பழுதுறத் தொடங்குகின்றன. தறப்பாளின் கீழே நிழல் இருந்தது உண்மை. காற்று இல்லை. நிழல் வேறு, குளிர்ச்சி வேறு. நாய்க்கு இவ்விரண்டிலே ஒன்றைத்தான் தரமுடியுமென்றால், ஓடும் வண்டியில் நான் காற்றையே தருவேன்.

நிறுத்திய வண்டியோ இன்னும் கொடியது. 2005இல் அமெரிக்காவிலே மக்லாரன், நல், குயின் என்னும் மூவர், கார் ஒன்றை வெயிலில் நிறுத்தி, உள்ளே வெப்பமானி வைத்து ஒரு மணி நேரம் அளந்தனர். வெளியே 22 பாகை முதல் 36 பாகை வரை வெப்பம் இருந்த பதினாறு நாட்களில் இவ்வாறு செய்தார்கள். உள்வெப்பம் சராசரியாக வெளியினும் 22 பாகை உயர்ந்தது. அந்த உயர்வில் எண்பது வீதம் முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதாற் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. அவர்கள் காரிலே விடப்படும் குழந்தைகளை நினைத்துச் செய்த ஆய்வு அது. நாய்க்கும் அதே கணக்குத்தான். ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று கடைக்குள் நுழைகிறவர்கள் கடைக்காரருடன் பேசத் தொடங்கினால் ஐந்து நிமிடம் எவ்வளவு நீளும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

ஆயினும் வண்டியின்மேலே முழுப் பழியையும் சுமத்துவது நியாயமாகாது. பிரித்தானியாவில் 2016ஆம் ஆண்டுக்குரிய மிருக வைத்தியக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், வெப்பத் தாக்குதலுக்குக் காரணம் தெரிந்த நாய்களிலே ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு, ஓட்டத்தாலும் உழைப்பாலும் துன்புற்றவை என்று கண்டார்கள். வாகனத்தால் துன்புற்றவை நூற்றுக்கு ஐந்தளவே. இந்தக் கணக்கைப் பார்த்து வண்டியை மன்னித்துவிடலாமா? கொக்கிளாய்ப் பட்டாவிலே கிடந்த நாய் எந்தக் கணக்கிற் சேரும் என்று யோசியுங்கள். விடியற்காலம் முழுவதும் பன்றியின் பின்னே ஓடி உடலைக் கொதிக்க வைத்துக்கொண்ட பிராணியை, ஆறுமுன் ஏற்றி, மூடிக் கட்டினார்கள். உழைப்பு பாதி, பெட்டி பாதி. நம் நாட்டில் வேலை செய்யும் நாய்கள் பெரும்பாலும் இவ்விரு அடிகளையும் சேர்த்தே வாங்குகின்றன.

வேலை செய்யும் நாய் என்றதும் வேறொரு வகை நாயின் நினைவு வருகிறது. கொக்கிளாயைப் பற்றி எழுதுகிறவன் அதைத் தொடாமற் போக முடியாது. 1984 டிசம்பரிலே கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் மக்கள் தங்கள் வீடுவாசலையும் வயலையும் விட்டு ஓடினார்கள். போர் 2009 மே மாதத்தில் முடிந்தபின்னரே அவர்கள் திரும்பத் தொடங்கினர். கால் நூற்றாண்டு கடந்த திரும்புதல். அன்று கைக்குழந்தையாகத் தூக்கிச் செல்லப்பட்டவர் தம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். காடேறிய காணிக்குள் கால் வைக்குமுன் எல்லோருடைய மனத்திலும் எழுந்த கேள்வி ஒன்றே: மண்ணுக்குள் என்ன இருக்கிறது? வன்னியில் எங்குமே மீள்குடியேற்றம் கண்ணிவெடி அகற்றுதலைப் பின்தொடர்ந்தே நடந்தது. இலங்கை 2017 டிசம்பரிலே கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க வேண்டிய கெடு 2028 ஜூன் 1.

இந்த வேலையில் மனிதருக்கும் யந்திரத்துக்கும் துணையாக நாயும் சேர்கிறது. ஆப்கானிஸ்தானத்தில் 1989 முதல் நாய்கள் இத்தொழிலில் ஈடுபட்டு வந்தன. இலங்கையிலும் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் வடபுலத்து வேலைகளில் நாய்கள் இடம்பெற்றன. இராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவும் நாய்களைக் கொண்டிருந்தது. உலோகத்தைக் காட்டும் கருவிக்கு ஆணியும் ஒன்றே, தகரமும் ஒன்றே, வெடியும் ஒன்றே. எறிகணைச் சிதறல் சல்லிபோற் பரந்து கிடக்கும் போர்க்களத்திலே அது ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். மாறாக இங்கே புதைக்கப்பட்ட கண்ணிவெடிகள் பலவற்றிற் பிளாஸ்டிக்கும் மரமுமே அதிகம், உலோகம் மிகச் சொற்பம். நாய் உலோகத்தைத் தேடுவதில்லை. வெடிமருந்தின் மணத்தைத் தேடுகிறது. மண்ணினூடே கசிந்து வரும் அந்த மணம் பட்டதும், தோண்டாமல் குரைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிடும். பிடித்து நடத்துபவர் இடத்தைக் குறித்துக்கொள்வார். பின்னர் மனிதக் கையே மண்ணை விலக்கும்.

இங்கேதான் நமது பொருள் பாரதூரமாகிறது. நாய் உட்கார்ந்த இடம் மட்டுமன்று, நாய் உட்காராமல் கடந்துபோன இடமும் ஒரு செய்தியாகும். இரண்டாவது நாயொன்றும் சோதித்த பின்னர், அது பாதுகாப்பான நிலமென்று வரைபடத்திலே குறிக்கப்படும். அங்கே வீடு எழும், பிள்ளை விளையாடும், ஆடு மேயும். அப்படியானால் நாய் எந்த நிலையில் அந்த நிலத்தைக் கடந்தது என்பது எவ்வளவு முக்கியம்! முன்னே சொன்ன உடலமைப்பை மீண்டும் நினைவிற் கொள்ளுங்கள். நாயின் குளிர்விக்கும் பொறியும் மூக்கு, தொழிற்கருவியும் மூக்கு. மோப்பம் பிடிப்பதற்குக் காற்றைச் சிறு சிறு இழுப்புகளாக மூக்கின் மேலறைக்குள் அனுப்ப வேண்டும். இளைக்கும்போது காற்று வேறு வேகத்தில், வேறு வழியில் ஓடுகிறது. ஒரே வாசலால் இரண்டு பேர் எதிரெதிராக நுழைய முடியாது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காசித், தேர்க்கல் என்பவர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்விலே, உழைத்துக் களைத்த நாயின் இளைப்பு மிகுந்தபோது வெடிமருந்தைக் கண்டறியும் திறன் குறைந்ததென்று காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே முகாமிலிருந்து கண்ணிவெடி வயல்வரை நாய் எவ்வாறு வந்தது என்பதும் அந்த வரைபடத்தின் ஒரு பகுதியே. தகரக் கூரையிட்ட வாகனத்தின் பின்னே, காற்றோட்டமில்லாத கூட்டிலே, பள்ளமுந் திட்டியுமான காட்டுப்பாதையில் ஒரு மணி நேரம் குலுங்கி வந்திறங்கும் நாய், வேலை தொடங்குமுன்பே பாதி மூக்கை இழந்துவிடுகிறது. அது சோம்பியதாகவோ பொய் சொன்னதாகவோ யாரும் குறை கூறமுடியாது. அது நேர்மையாகவே கடந்து போகும். மணம் மட்டும் அதற்கு எட்டியிராது. இதையறிந்தவர்கள் விடியுமுன் புறப்படுகிறார்கள். நாய்க் கூடுகளுக்கு இருபுறமும் காற்று வழி வைக்கிறார்கள். வெயில் ஏறியதும் வேலையை நிறுத்துகிறார்கள். ஒரு நாய் சிறிது நேரம் தேடியதும் அதை நிழலுக்கு அனுப்பி மற்றதை இறக்குகிறார்கள். அந்த நாய்களுக்குக் குளிரூட்டிய வண்டியா என்று எள்ளுகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். வெடிமருந்து தேடும் கருவியின் மின்கலம் நனையாமற் காக்கச் செலவிடும் பணத்தை யாரும் எள்ளுவதில்லை.

வெப்பமடைந்த வாகனத்திலே மாண்ட நாய்களுள் உலகமறிந்தது ஒன்றுண்டு. 1957 நவம்பர் 3ஆந் தேதி சோவியத் நாடு ஸ்புட்னிக் இரண்டு என்னும் விண்கலத்தில் ஏற்றியனுப்பிய லைக்கா அது. மொஸ்கோத் தெருவிலே திரிந்த நாயைப் பிடித்துப் பழக்கி அனுப்பினார்கள். திரும்பி வரும் ஏற்பாடு எதுவும் அதற்கு இருக்கவில்லை. பல நாள் உயிரோடிருந்து துன்பமின்றி இறந்ததென்றே நெடுங்காலம் உலகம் நம்பியிருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2002இல், அந்தத் திட்டத்திற் பங்குகொண்ட மலாஷென்கொவ் உண்மையை வெளியிட்டார். கூட்டின் வெப்பக் கட்டுப்பாடு பழுதாகி உள்வெப்பம் நாற்பது பாகையைக் கடந்துவிட்டது. புறப்பட்டுச் சில மணி நேரத்திலேயே லைக்கா வெப்பத்தால் இறந்துபோயிற்று. புவியீர்ப்பை வென்ற விஞ்ஞானிகள், ஒரு சிறு பெட்டிக்குள்ளிருந்த வெப்பத்தை வெளியேற்ற வழியறியாது தோற்றார்கள். நம்முடைய பட்டாச் சாரதியை நான் அதிகம் குறைசொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, செய்யத்தக்கவை. கொக்கிளாய்ப் பக்கத்திலே இரண்டு காற்றுகளை அறியாதவர் இல்லை. ஒன்று, வெயிற்காலத்திலே தரைப்பக்கமாக வந்து, துணியை நொடியில் உலர்த்தி, உதட்டை வெடிக்கச் செய்யும் கச்சான். மற்றது, பகல் ஏறக் கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று. மனிதருக்குக் கடற்காற்று இதமானது, கச்சான் கொடியது. நாயின் கணக்கு இதிலே சற்று வேறுபடுகிறது. கச்சானில் நீர் விரைவாக ஆவியாவதால் இளைப்புப் பலன் தரும். ஆனால் உடலின் நீர் வேகமாக வற்றும். ஆகவே அக்காலத்திற் பயணத்தில் அடிக்கடி தண்ணீர் வைத்தல் வேண்டும். ஈரக்காற்று அடிக்கும் நாளிலோ இளைப்பின் பலன் குறைவு. அன்று காற்றின் வேகமே நாயைக் காப்பாற்றும். வண்டியை நிறுத்தி வைத்தால் அதுவும் போயிற்று.

உழவு யந்திரப் பெட்டியானாலும் பட்டாவானாலும், மேலே கிடுகை ஒரு முழ உயரத்திற் கட்டி, நான்கு பக்கமும் திறந்து விடுவது தறப்பாளினும் பன்மடங்கு நல்லது. கிடுகு சூட்டை உறிஞ்சிக் கீழே கக்குவதில்லை; இடையே காற்றும் புகும். இரும்புத் தட்டிலே நேரே படுக்கவிடக் கூடாது. வெயிலிற் கிடந்த இரும்பு உள்ளங்காலைச் சுடும். நாய்க்கு வியர்வை உள்ள ஒரே இடமும் அதுதான். ஈரச் சாக்கைக் கீழே விரிக்கலாம். காற்று வரும் பக்கத்திலே தொங்கவிட்டால், கச்சான் நாளில், அது ஒரு சிறந்த விசிறியாகும். ஆனால் ஈரச் சாக்கையோ துவாயையோ நாயின்மேலே போர்த்திவிட்டுப் போய்விடக் கூடாது. சிறிது நேரத்தில் அது சூடேறி, காற்றையும் தடுத்து, போர்வையாகிவிடும். நீரை ஊற்றுவதும் விசிறுவதுமே முறை. சூடேறிய நாய்க்குக் குளிர்ந்த நீர் ஆகாது, உடல் அதிர்ச்சியடையும் என்ற நம்பிக்கை ஊரில் மட்டுமன்றிப் புத்தகங்களிலும் இருந்தது. நல்ல உடல்நிலையுள்ள நாய்க்குக் குளிர்ந்த நீரால் விரைந்து குளிர்விப்பதே உயிர்காக்கும் வழியென்று இன்றைய ஆய்வுகள் கூறுகின்றன. வயது முதிர்ந்ததும் நோயுற்றதுமானால் மட்டும் சற்று மிதமான நீரையும் மெல்லிய விசிறலையும் கொள்வர்.

அமெரிக்காவிலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் பணிநாய் நிலையத்தார் 2024இல் வெளியிட்ட ஆய்வொன்று எனக்குப் பெரிதும் பிடித்திருந்தது. உழைத்துச் சூடேறிய நாயைத் தானாகவே வாளி நீருக்குள் தலையை முக்கி எடுக்கப் பழக்கினார்கள். ஒப்பிட்டுப் பார்த்த முறைகளுள் இதுவே உடல் வெப்பத்தை விரைவாகத் தணித்தது. மூளைக்கு ஏறும் இரத்தம் முதலிற் குளிர்கிறது. மூக்கும் வாயும் உடனே நனைகின்றன. மயங்கிய நாய்க்கோ கடுமையாகத் தவிக்கும் நாய்க்கோ இதைச் செய்யக்கூடாது. மூச்சுக் குழலுக்குள் நீர் போய்விடும். மற்றப்படி, பின்பெட்டியில் ஒரு வாளி தண்ணீருக்கு இடம் வைப்பதற்கு எந்தச் சாரதியும் கூலி கேட்கப் போவதில்லை.

நேரத்தை மாற்ற இயலுமானால் அதைவிடச் சிறந்த மருந்து இல்லை. தடுப்பூசி போடுவது போன்ற அவசரமற்ற காரியத்துக்கு, சூரியன் கடலிலிருந்து மேலெழும்போதே கொக்கிளாயிலிருந்து புறப்பட்டால், நகரில் வாசல் திறக்குமுன் போய்ச் சேரலாம். திரும்புவது மாலையானால் நல்லது. இல்லையெனில் அளம்பிலிலோ செம்மலையிலோ மரநிழலொன்றில் வெயில் தாழும்வரை தங்கலாம். பன்றி வெட்டிய நாய்க்கு இந்தத் தெரிவு இல்லை. அதற்கு, ஏற்றுமுன் அரை வாளி நீரும், திறந்த பெட்டியும், அருகே இருந்து முரசின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு வர ஓர் ஆளும் வேண்டும். முரசு இளஞ்சிவப்பாக இருக்கும்வரை ஓடலாம். செங்கல் நிறமானால் வண்டியை நிறுத்த வேண்டும். அந்தப் பாதையில் நாயாற்றிலே களப்பு நீர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.